ஊதா விளக்கும் ஒரு வரைபடமும்

மண்ணே இல்லாமல், ஊட்ட உப்புகள் கரைந்த நீரில் கீரை, லெட்டூஸ் முதலியவற்றை வீட்டினுள் வளர்க்கும் ஆர்வம் இன்று பெருகி வருகிறது. வெயில் எட்டாத அறையில் செடிக்கு விளக்குதான் சூரியன். அவ்விளக்குகளின் பெட்டிமேல் அச்சிடப்படும் செய்திகள் பௌதிகத்தின் உரைகல்லில் எவ்வளவு தேறும் என்று பார்ப்போம்.

என் மாணவர் ஒருவர் தம் உதவித்தொகையிலிருந்து அத்தகைய விளக்கொன்றை வாங்கினார். பெட்டி '1000 வாட்' என்றது. வீட்டு மின்மானியில் மினுக்கும் சிறு சிவப்பு விளக்கைக் கண்டிருப்பீர்கள். யூனிட்டுக்கு 3200 மினுக்குகள் என்று அவர் வீட்டு மானியில் எழுதியிருந்தது. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இவ்விளக்கை மட்டும் எரியவிட்டோம். 1000 வாட் என்றால் ஏறத்தாழ விநாடிக்கு ஒரு மினுக்கு வர வேண்டும். வந்ததோ பத்து விநாடிக்கு ஒன்று! ஆக, விளக்கு உண்பது சுமார் 110 வாட்தான். 1000 என்பது 'சமான வாட்' எனச் சிறு எழுத்தில் இருந்தது. எதற்குச் சமானம் என்பது விற்றவருக்கே வெளிச்சம்.

வேறு சில பெட்டிகள் லூமென் கணக்குச் சொல்கின்றன. லூமென் மனிதக் கண்ணுக்கென ஏற்பட்ட அலகு. 555 நானோமீட்டர் பசுமஞ்சள் ஒளி ஒரு வாட் இருந்தால் அது 683 லூமென். 660 நானோமீட்டர் சிவப்பிலோ அதே ஒரு வாட் சுமார் 42 லூமென்தான். ஆனால் அந்தச் சிவப்பு செடிக்கு நல்ல உணவு. செடி எண்ணுவது போட்டான்களை. எனவே விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் போட்டான்கள் என்றே கேட்க வேண்டும்.

இனி, பெட்டிதோறும் காணும் அந்த வரைபடம். நீலத்தில் ஒரு சிகரம், சிவப்பில் ஒரு சிகரம், நடுவே பச்சையில் பள்ளம். 'பச்சை ஒளி வீண். ஆகவே எங்கள் விளக்கில் நீலமும் சிவப்பும் மட்டுமே' என்பது வாதம். வரைபடம் பொய்யன்று. ஆனால் அது இலையின் வரைபடமும் அன்று! இலையை அரைத்து, பச்சையத்தை ஈதர் போன்ற திரவத்தில் பிரித்தெடுத்து, அக்கரைசலினூடே ஒளியைச் செலுத்தி அளந்தது அது. கரைசலில் ஒளி நேர்கோட்டில் ஒருமுறை கடந்து போய்விடும். உயிருள்ள இலையிலோ செல்களுக்கும் காற்றிடைவெளிகளுக்கும் இடையே பலமுறை சிதறி, நெடுவழி சுற்றுகிறது. ஆதலால் தயங்கித் தயங்கி உறிஞ்சப்படும் பச்சை ஒளியும் பெரும்பகுதி இலைக்குள்ளேயே பிடிபட்டுவிடுகிறது. நம் கண்ணில் படும் பசுமை, தப்பி வந்த மிச்சமே.

அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் கீத் மக்ரீ, 22 பயிர் இனங்களின் இலைகளில் ஒவ்வொரு நிற ஒளிக்கும் ஒளிச்சேர்க்கை எவ்வளவு நடக்கிறது என்று அளந்து 1972இல் வெளியிட்டார். அதில் சிவப்பே முதல். எனினும் பச்சை ஒளி தந்த பலன் சிவப்பின் பலனில் பாதிக்கும் மேல். பெட்டியில் அச்சிட வேண்டியது இந்த வரைபடம்.

சிவப்பு டையோடு ஒரு ஜூலுக்கு நீலத்தைவிட அதிகப் போட்டான்கள் தருவது உண்மை. அந்த மட்டில் ஊதா விளக்கைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஊதா வெளிச்சத்தில் இலை மஞ்சளிப்பது தெரியாது. இரும்புச் சத்தோ நைட்ரஜனோ குறைந்தால் இலையின் நிறம்தானே முதலில் சொல்லும்? 2014இல் விண்வெளி நிலையத்துக்குச் சென்ற 'வெஜ்ஜி' செடிப்பெட்டியிலும், செடி இயல்பான நிறத்தில் தெரியவென்றே பச்சை டையோடுகளையும் சேர்த்தார்கள். சிறிது சிவப்பு கலந்த வெள்ளை விளக்கையே நான் தேர்வேன்.

லெட்டூசுக்குச் சதுர மீட்டருக்கு விநாடிக்கு 200 மைக்ரோமோல் வீதம் நாளுக்கு 16 மணி நேரம் ஒளி தந்தால் நன்றாக வளரும். ஜூலுக்கு 2 மைக்ரோமோல் தரும் 110 வாட் விளக்கு ஒரு சதுர மீட்டருக்குத்தான் காணும்; மாதம் 53 யூனிட் செலவு வேறு. பெட்டியை நம்பிய என் மாணவரோ நான்கு சதுர மீட்டருக்குத் தொட்டிகள் பரப்பியிருந்தார். ஒரு பங்கை விளக்கடியில் விட்டு, மற்ற மூன்றையும் மொட்டைமாடிக்கு ஏற்றினோம்.