பாசிப்பச்சைச் சுவருக்கு ஒரு கலர் ரீடர்

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஃபினிஷிங் யூனிட்டுகளில் ஷேடு பார்க்க ஒரு விளக்குப் பெட்டி வைத்திருப்பார்கள். பகல் வெளிச்சம், ட்யூப்லைட், குண்டு பல்பு என மாற்றி மாற்றிப் போட்டு, பையர் அனுப்பிய துண்டோடு புதுத் தோலை ஒப்பிடுவார்கள். இப்போது உள்ளங்கைக்குள் அடங்கும் கலர் ரீடர்கள் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. ஆற்காட்டில் ஒரு வீட்டு முன்னறைக்குப் பாசிப்பச்சை அடிக்கும் வேலையில் அப்படி ஒன்றை வைத்துப் பார்த்தேன்.

பொருளின் மேல் ஒட்டவைத்து பட்டனை அழுத்தினால் உள்ளேயிருக்கும் எல்இடி எரியும். திரும்பி வரும் ஒளியை சென்சார் அளக்கும். வெளி வெளிச்சம் உள்ளே நுழையாது என்பதுதான் இதன் பலம். சுவருக்கு நிறம் பூசிக் காட்டும் போன் ஆப்களுக்கு அது கிடையாது. கேமரா தானாகவே ஒயிட் பேலன்ஸை மாற்றிக்கொள்வதால் காலையில் ஒரு பச்சை, மாலையில் ஒரு பச்சை. ரீடர் அளவெடுத்ததும், பக்கத்து ஷேடு எண் எது, எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று போனில் வரும். அந்த வித்தியாசத்துக்கு டெல்டா ஈ என்று பெயர். 1-க்குக் கீழே இருந்தால் கண்ணுக்குத் தெரிவது அரிது.

கிணற்றுச் சுவர்ப் பாசியில் வைத்தால் இடத்துக்கு ஓர் எண். கருவியைக் குறை சொல்ல முடியாது, பாசி ஒரே நிறமாகவா இருக்கிறது? வழவழப்பான பச்சைத் தோல் துண்டில் அளவு நிலையாக நின்றது. பளபளக்கும் பேட்டன்ட் தோலில் தடுமாறியது. காய்ந்த எமல்ஷனில் கச்சிதம்.

எண்ணோடு கடைக்குப் போனால் டின்டிங் மெஷின் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் இவ்வளவு அடர்ந்த பச்சையை வெள்ளை நிறமி குறைந்த பேஸில்தான் கலக்க முடியும். அதனால் பழைய வெள்ளைச் சுவரை மூட இரண்டு கோட் போதாமல் போகலாம். சாம்பல் கலந்த பிரைமர் அடித்தால் ஒரு கோட் மிச்சம். கீழ்ச்சுவரில் உப்புப் பூத்திருந்தால் முதலில் ஈரத்தைச் சரிசெய்யுங்கள், பச்சையில் வெள்ளைத் திட்டு அப்பட்டமாகத் தெரியும். ரீடரின் ஆப் இதில் எதையும் சொல்வதில்லை.

குரோமியம் ஆக்சைடு இந்த வகைப் பச்சைக்கு உதவும் பழைய நிறமி. இங்கே தோலைப் பதனிட்டு ‘வெட் ப்ளூ’ ஆக்குவதும் குரோமியம்தான். ராணிப்பேட்டைக் குரோமேட் கழிவுமேட்டை அறிந்தவர்கள் பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்கலாம். அங்கே நிலத்தடி நீரைக் கெடுத்தது தண்ணீரில் கரையும் ஆறு இணைதிறன் குரோமியம். நிறமியில் இருப்பது கரையாத மூன்று இணைதிறன் வகை.

ரீடர் கைவிடுவது அறைக்குள் வந்தபிறகு. அது தன் விளக்கில் அளக்கிறது; நாம் நம் விளக்கில் வாழ்கிறோம். 6500 கெல்வின் வெள்ளை பல்பின் கீழ் அந்தச் சுவர் நீலத்தின் பக்கம் சாய்ந்தது. 3000 கெல்வினில் ஆலிவ் காய் நிறத்துக்குப் போனது. அடர்பச்சை தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும் என்பதால், ஒற்றைச் சன்னல் அறைக்கு ஒரு சுவர் போதும்.

பெயின்டிங் கான்ட்ராக்டரும் பை, ஷூ டிசைனரும் தாராளமாக வாங்கலாம். சொந்த வீட்டுக்கு ஒருமுறை அடிப்பவருக்குத் தேவையில்லை. இருப்பதிலேயே சின்ன டப்பா வாங்கி, சார்ட் அட்டையில் இரண்டு கோட் அடித்து, பகலில் சன்னலோரமும் இரவில் பல்பின் கீழும் ஒட்டிப் பாருங்கள். பல்பை மாற்றும் எண்ணம் இருந்தால், அதை முதலில் மாற்றிவிட்டுப் பாருங்கள்.