இரு குரலும் ஒரு மொழியும்
அலிகேட்ஸ் இசைக்குழுவைப் பற்றி ஒரு மதிப்பீடு

தமிழர் பிறமொழியில் பாடிப் புகழ் பெற்றால் அதனைத் தமிழர் பெருமையாகக் கொள்வதா, தமிழுக்கு நேர்ந்த இழப்பாகக் கொள்வதா? சுங்கை சோ, கோலசிலாங்கூர் முதலிய தோட்டப்புறங்களில் பணியாற்றும் தமிழாசிரியர்களுக்கு இது வெறும் பட்டிமன்றப் பொருள் அன்று. தம்மிடம் ஆறாண்டு தமிழ் பயின்ற மாணவன் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றபின் தன் உள்ளக்கிடக்கையை எந்த மொழியில் பாடப்போகிறான் என்னும் கவலை அவர்களுக்கு உண்டு. இதனை ஆராய்வதற்கு அலிகேட்ஸ் குழுவினும் சிறந்த சான்று நம் நாட்டில் கிடைப்பது அரிது.

1960களின் பிற்பகுதியில் பினாங்கில் தோன்றிய குழு இது. டேவிட் ஆறுமுகம், அவர் தம்பி லோகநாதன் ஆறுமுகம் ஆகிய இருவரும் இதன் முதன்மைப் பாடகர்கள். சந்து பொந்துகளில் திரியும் பூனைகள் என்பது குழுவின் பெயருக்குப் பொருள். தொடக்கத்தில் ஆங்கிலப் பாடல்களைப் பாடினர். ஹாங்காங் சென்றும் பாடினர். 1970களின் கடைசியில் மலாய்ப் பாடல்களுக்குத் திரும்பிய பின்னரே நாடு முழுவதும் அவர்களை அறிந்தது. புதர்போல் சுருண்டு உயர்ந்த அவர்தம் தலைமுடியும் குரலுக்கு இணையாகப் பெயர் பெற்றது!

காலத்தையும் இங்கே கருத வேண்டும். 1967இல் மலாய்மொழி நாட்டின் ஒரே ஆட்சிமொழியாயிற்று. 1971இல் கூடிய தேசியப் பண்பாட்டு மாநாடு, இந்நாட்டுப் பண்பாட்டின் அடித்தளம் எது என்பதை வரையறுக்க முற்பட்டது. பிற இனத்தார்க்கு அதில் எத்துணை இடம் என்ற ஐயம் அன்று பலர் உள்ளத்தில் இருந்தது. அவ்வையம் தீருமுன்பே, ஆறுமுகம் என்ற பெயர் தாங்கிய இருவர் மலாய்க் குடும்பங்களின் இல்லந்தோறும் பாடகராய் நுழைந்துவிட்டனர். சட்டமும் மாநாடும் தர இயலாத இடத்தைப் பாட்டுத் தந்தது.

எவ்வாறு தந்தது? மொழியைக் கடன் வாங்கியவர்போல் அவர்கள் பாடவில்லை. எம். நாசிர் இசையமைத்த 'செக்குந்தும் மாவார் மேரா, செபுவா புயிசி' என்ற பாட்டின் தலைப்பையே பார்ப்போம். 'ஒரு செந்நிற ரோஜா, ஒரு கவிதை' என்பது பொருள். நாம் இரண்டுக்கும் 'ஒரு' என்போம். மலாய்மொழியோ மலருக்கு ஓர் அளவைச் சொல்லும், கவிதைக்கு வேறோர் அளவைச் சொல்லும் வேண்டும். இத்தகைய நுட்பங்களில் நா இடறாமல், கேட்பவர் 'இது அயலார் குரல்' என்று எண்ணாதபடி பாடினர். மலாயில் காதலைக் குறிக்கும் 'சிந்தா' என்ற சொல்லும், நம் 'சிந்தை'யும் வடமொழியின் ஒரே வேரைச் சார்ந்தவை. நமக்கு எண்ணமாக நின்ற சொல் அவர்களுக்குக் காதலாயிற்று. அச்சொல்லைத் தமிழர் நாவிலிருந்து மலாயர் கேட்டு மகிழ்ந்தது பொருத்தமே.

இனி, குறை கூறுவோர் வாதத்துக்கு வருவோம். 'இக்குரல்கள் தமிழுக்கு ஆகவில்லையே' என்பர். இவ்வாறு பிறமொழிக் கலைக்கு உழைத்த தமிழர் முன்பும் உண்டு. 1950இல் வெளிவந்த 'பக்தி' என்னும் மலாய்ப் படத்தில் பி. ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக்கிய இயக்குநர் சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன் அல்லரோ? 1943இல் சென்னையில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தமிழிசைச் சங்கம் கண்டபோது, தெலுங்குக் கீர்த்தனைகள் தாழ்ந்தவை என்பதற்காகக் காணவில்லை. தமிழர் மேடையில் தமிழுக்கு இடம் வேண்டும் என்பதற்காகவே கண்டார். அந்த நியாயம் இங்கும் பொருந்தும். பாடகர் மலாயில் பாடியது குற்றமன்று. அத்தகைய குரலுக்கேற்ற புதுப்பாட்டை எழுதித் தரும் கவிஞரையும், அதைப் பதிவு செய்து விற்கும் முதலாளியையும் நம் சமூகம் போதிய அளவில் உருவாக்காததே குறை. மெல்லிசை என்றால் தமிழ்நாட்டுத் திரைப்பாடலே என்று நாம் அமைதி அடைந்துவிட்டோம்.

குழுவிடமும் குறையில்லாமல் இல்லை. பிற்காலத்தில் அவர்கள் மேடைகள் பெரும்பாலும் பழம்பாடல்களின் வலிமையிலேயே நின்றன. ரசிகர் கேட்பதையே மீண்டும் மீண்டும் கொடுக்கும் கலைஞன் தன் இளமைக்குத் தானே காவலாளி ஆகிவிடுகிறான். 2007 ஜூனில் லோகநாதன் புற்றுநோயால் மறைந்தார். டேவிட் குழுவைத் தொடர்ந்து நடத்தினார். எனினும் இரு குரல் இழைந்த அந்த ஓசை அத்துடன் நின்றது.

2006இல் யோகி பியும் நட்சத்திராவும் 'வல்லவன்' என்ற தமிழ்ச் சொல்லிசைத் தொகுப்பை வெளியிட்டனர். தமிழ்நாட்டிலும் அதனைக் கேட்டனர். மலேசியத் தமிழிளைஞர் தம் காலத்து இசையில் தம் மொழியைப் பாட இயலும் என்பதற்கு அது சான்று. ஆகவே அலிகேட்ஸ் புகழை நாம் தயக்கமின்றி ஏற்கலாம்; ஆனால் அதனோடு அமைதல் கூடாது. தமிழ்ப் பள்ளிகளில் மாணவர் பாட்டை ஒப்பிப்பதோடு நில்லாமல், மெட்டுக்குச் சொல் கட்டவும் பழகட்டும். சொல் இருக்குமானால், குரல் தானே வந்து சேரும்.