சிந்தனை யாருக்கு இனிக்கிறது? இப்னு துஃபைலின் ‘ஹய் இப்னு யக்ழான்’ குறித்து

சிந்திக்கும் ஆற்றல் வேறு; சிந்தனையில் இன்பம் காண்பது வேறு. கூர்மதி வாய்த்திருந்தும் கடினமான வினாவைக் கண்டதும் விலகிச் செல்வோர் உளர். நடுத்தர அறிவே பெற்றிருந்தும் ஒரு சிக்கலோடு இரவெல்லாம் போராடி மகிழ்வோரும் உளர். இவ்வேறுபாடு பிறவியில் அமைவதா, வளர்ப்பில் விளைவதா? அந்தலுஸின் மருத்துவரும் மெய்யியலாளருமான இப்னு துஃபைல் (மறைவு 1185) இவ்வினாவுக்குக் கதை வடிவில் ஒரு விடை தந்தார். அவ்விடை நம் கல்விக்கூடங்களில் அறிந்தும் அறியாமலும் இன்றும் ஆட்சி செலுத்துவதால், அதை மறுபடியும் எடைபோட்டுப் பார்ப்பது தேவையாகிறது.

கதை பலரும் அறிந்ததே. மனிதரில்லாத் தீவொன்றில் ஹய் என்னும் குழந்தையை ஒரு மான் பாலூட்டி வளர்க்கிறது. மான் இறந்தபோது, அதனிடமிருந்து பிரிந்து சென்றது எது என அறியும் தவிப்பில் அவன் அதன் மார்பைப் பிளந்து இதயத்தை ஆராய்கிறான். அங்கே தொடங்கிய தேடல் நெருப்பு, உயிரினங்கள், விண்மீன்கள் என விரிந்து, ஏழேழு ஆண்டுகளாக வளர்ந்து, ஐம்பது வயதை எட்டும்போது படைத்தவனைப் பற்றிய அறிவில் சென்று நிலைக்கிறது. பின்னர், தனிமை நாடி அங்கே வரும் அப்ஸால் அவனுக்கு மொழி கற்பிக்கிறான். இருவரும் அப்ஸாலின் ஊருக்குச் சென்று, ஸலாமான் தலைமையிலுள்ள மக்களுக்கு உண்மையின் ஆழத்தை உணர்த்த முற்படுகின்றனர். வெளிப்பொருளைக் கடந்து ஹய் சற்றே மேலேறியதும் மக்கள் முகம் சுளிக்கின்றனர். அவர்களின் இயல்பு அவ்வளவுதான் என்று முடிவு செய்த ஹய், தான் கூறியவற்றுக்கு வருத்தம் தெரிவித்து, மார்க்கத்தின் வெளிப்படையான வரம்புகளைப் பற்றி நிற்குமாறு அறிவுறுத்திவிட்டுத் தன் தீவுக்கே திரும்பிவிடுகிறான்.

ஆக, இப்னு துஃபைலின் விடை ‘இயல்பு’ என்பதாகும். ஸலாமான் கூட்டத்தோடு ஒட்டி வாழ்வதற்கே, சிந்தனைக்கு அஞ்சும் அவனது சுபாவத்தைத்தான் அவர் காரணமாகக் காட்டுகிறார். இவ்விடையில் அவர் தனித்து நிற்கவில்லை. உண்மைகளை அறியும் தாகம் இளமை முதலே தம் விருப்பத்தால் அன்றி இறைவனால் தம் இயற்கையில் வைக்கப்பட்டிருந்தது என இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது ‘அல்முன்கிதி’ல் எழுதுகிறார். இப்னு துஃபைலால் கலீஃபா அபூ யஅகூப் யூஸுஃபிடம் அறிமுகப்படுத்தப்பட்ட இப்னு ருஷ்து (1126–1198), மனிதரின் இயல்புகளுக்கேற்ப அவர்கள் உண்மையை ஏற்கும் வழிகளைச் சொல்நயம், தர்க்க விவாதம், நிரூபணம் என மூன்றாகப் பகுத்தார்.

நவீன உளவியலும் முதற்பார்வையில் இதற்கே சான்று பகர்வதாகத் தோன்றும். அமெரிக்க உளவியலாளர்களான ஜான் கசியோப்போ, ரிச்சர்ட் பெட்டி இருவரும் 1982இல், உழைத்துச் சிந்திப்பதில் ஒருவர் எவ்வளவு இன்புறுகிறார் என்பதை அளக்கும் வினாத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டனர். இவ்வேட்கை அறிவுத்திறனோடு ஓரளவே தொடர்புடையது. ஏறக்குறைய நிலையான குணமாகவும் தென்படுகிறது. அவர்கள் தம் அளவுகோலைச் சோதிக்கப் பல்கலைக்கழக ஆசிரியர்களையும் தொழிற்சாலைத் தொழிலாளர்களையும் ஒப்பிட்டனர். ஆசிரியர்களே உயர்ந்த மதிப்பெண் பெற்றனர். ஆனால் இவ்வொப்பீடு ஒன்றைச் சொல்லாமல் விடுகிறது: வேட்கை உடையோர் ஆசிரியராயினரா, அல்லது சிந்தனைக்கு ஊதியமும் மதிப்பும் ஓய்வும் தரும் பணி அவ்வேட்கையை வளர்த்ததா? ஒரே செயலைப் பொழுதெல்லாம் திரும்பச் செய்பவனிடம் சிந்தனை இன்பத்தை அளப்பது, பட்டினி கிடந்தவனிடம் உடற்பயிற்சியின் மகிழ்ச்சியைக் கேட்பது போன்றதாகும்.

இதே ஐயத்தைக் கதையின் மீதும் எழுப்பலாம். ஹய்யைச் சிந்தனையாளன் ஆக்கியவை எவை? முதலாவது, அன்புக்குரிய உயிரின் இழப்பு. அவனது வினா எவரோ கொடுத்த பாடமன்று, அவனுடைய நெஞ்சின் காயம். இரண்டாவது, காலம், அரை நூற்றாண்டு அவனை எவரும் அவசரப்படுத்தவில்லை. மூன்றாவது, தவறினால் நகைப்பார் எவருமில்லை. நான்காவது, ஒவ்வொரு படியிலும் உழைப்புக்குக் கைமேல் கிடைத்த கண்டுபிடிப்பு. இவற்றுள் ஒன்றேனும் ஸலாமானின் ஊராருக்கு வாய்த்ததா? ஐம்பதாண்டு ஏறிய மலையின் உச்சியை அவர்களிடம் சொற்களால் சுட்டிக்காட்டினான் ஹய். ஏறும் வழியைக் காட்டவில்லை. அவர்கள் மறுத்தது சிந்தனையையன்று. தாம் சிந்தித்துப் பெறாத ஒரு முடிவையே மறுத்தனர். சூழலின் வேறுபாட்டைக் கதையாசிரியர் இயல்பின் வேறுபாடாகத் தீர்ப்பெழுதிவிட்டார் என்பதே நம் விமர்சனம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அப்ஸாலும் ஸலாமானும் ஒரே ஊரில் ஒரே மார்க்கத்தில் வளர்ந்தவர்கள்; ஆயினும் ஒருவன் உட்பொருளை நாடினான், மற்றவன் அஞ்சினான். இது இயல்பின் வேறுபாடன்றோ? ஆம், இயல்புக்குப் பங்குண்டு என்பதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் இதே அப்ஸால் மற்றோர் உண்மையையும் மெய்ப்பிக்கிறான்: அவ்வூரின் மண்ணிலும் சிந்தனையாளன் முளைக்க முடியும். அவ்வாறாயின் ஏனையோரைப் பற்றிய தீர்ப்பு அவ்வளவு விரைவாக வழங்கப்பட்டிருக்கலாகாது.

இயல்பு முடிந்த முடிவன்று என்பதற்கு ஆய்வுச் சான்றுகளும் உள்ளன. உழைப்புக்குத் தொடர்ந்து பலன் கிடைத்தால் உழைப்பே இனிமையின் சாயலைப் பெறுகிறது என்னும் கோட்பாட்டை ராபர்ட் ஐசன்பெர்கர் 1992இல் வகுத்துரைத்தார். வியன்னா, டிரெஸ்டன் நகரங்களின் ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட சோதனைகளில், விடைக்கன்றி முயற்சிக்கு ஏற்பப் பரிசு பெற்றவர்கள், பின்னர் பரிசே இல்லாத நிலையிலும் கடினமான கணக்குகளை மிகுதியாகத் தேர்ந்தெடுத்தனர். சோதனைக்கூடத்தின் சிறு அளவிலான மாற்றமே அது என்றாலும், அது சுட்டும் திசை தெளிவானது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் காத்துக்கொள்வது அவசியம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இறுதிக் காலத்தில் பொதுமக்களை இல்முல் கலாமிலிருந்து விலக்கி ‘இல்ஜாமுல் அவாம்’ எழுதினார். குறிப்பிட்ட ஒரு துறையின் ஆபத்திலிருந்து மக்களைக் காப்பது வேறு. அவர்கள் சிந்தனைக்கே உரியவரல்லர் எனக் கருதுவது வேறு. முன்னதிலிருந்து பின்னதை வருவித்துக்கொள்வது நூலோருக்கு இழைக்கும் அநீதியாகும்.

நம் அரபுக் கல்லூரிகளில் ‘இவனுக்கு மன்திக் ஏறாது’ என்னும் தீர்ப்பு முதலாண்டிலேயே ஒலிப்பதுண்டு. வினா எழும் முன்னரே விடையை மனனமாக ஒப்புவிக்கச் செய்து, ஒப்புவித்தவனை மட்டும் பாராட்டி, தவறாயினும் சுயமாக முயன்றவனை நகைக்கு ஆளாக்கிவிட்டு, பிறகு அவனுடைய இயல்பைக் குறைகூறுவது முறையாகாது. முதாலஆவும் முனாழராவும் நம் முன்னோர் வகுத்த வழிகளே. பாடத்துக்கு முன் தானே படித்துத் தடுமாறவும், எதிர்க்கருத்தை அஞ்சாமல் முன்வைக்கவும் அவை மாணவனுக்கு இடமளித்தன. அவற்றைச் சடங்காக்கிவிட்டால் ஸலாமான்களையே உருவாக்குவோம்.

ஹய் தன் தீவுக்குத் திரும்பிச் சென்றது அவனுக்கு நிம்மதியளித்திருக்கலாம். ஆனால் அவன் விட்டுச்சென்ற ஊரில் மானை இழந்த சிறுவன் எவனும் இருந்தானா என்று அவன் கேட்டறியவில்லை. கற்பிப்போர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவே.