எய்தவனும் இலக்கைக் காட்டியவனும்

2015 ஜூன் 2-ஆம் தேதி இரவு, வடக்கு இராக்கின் ஹவிஜா நகரில் ஐ.எஸ். அமைப்பு வாகன வெடிகுண்டுகள் தயாரித்துவந்த இடத்தின்மீது நெதர்லாந்தின் எஃப்-16 விமானங்கள் குண்டு வீசின. குறி தப்பவில்லை. ஆனால் உள்ளே குவிந்திருந்த வெடிமருந்து மொத்தமும் சேர்ந்து வெடித்ததில் சுற்றியிருந்த குடியிருப்பே நொறுங்கிப்போனது. குறைந்தது 70 பொதுமக்கள் இறந்தார்கள். போருக்குப் பயந்து வேறு ஊர்களிலிருந்து ஓடிவந்து அங்கே ஒண்டியிருந்த குடும்பங்களும் அவர்களில் உண்டு.

குண்டு நெதர்லாந்தினுடையது, இலக்கைப் பற்றிய உளவுத் தகவலுக்கு அது அமெரிக்காவை நம்பியிருந்தது. வீசியது யார் என்பதே 2019 அக்டோபரில் செய்தியாளர்கள் வெளிக்கொணர்ந்த பிறகுதான் ஹவிஜா மக்களுக்குத் தெரிந்தது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்கிறோம். இன்றைய போர்களில் எய்தவனுக்குப் பின்னால் இலக்கைக் காட்டியவன் ஒருவனும் நிற்கிறான். அவனிடம் கணக்குக் கேட்பது எப்படி?

நாடுகள் உளவுத் தகவலைப் பகிர்வதையே குற்றமாகப் பார்ப்பது நியாயமல்ல. 2025 மார்ச்சில் அமெரிக்கா சில நாட்களுக்கு உக்ரைனுடனான தகவல் பகிர்வை நிறுத்திவைத்தபோது, ஏவுகணை வருவதை முன்கூட்டி அறிய அந்நாடு அதை எவ்வளவு நம்பியிருந்தது என்பது தெரிந்தது. சட்டமும் தகவலைக் கேட்கிறது. ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977-ஆம் ஆண்டுக் கூடுதல் நெறிமுறை, தாக்கும் முன் இலக்கு ராணுவ இலக்குதானா என்று இயன்றவரை சரிபார்க்கச் சொல்கிறது. சொந்தமாகப் போதிய செயற்கைக்கோள்கள் இல்லாத ஒரு சிறு விமானப்படை கூட்டாளியின் தகவல் இல்லாமல் அந்தக் கடமையை நிறைவேற்ற முடியாது. நல்ல தகவல் உயிர்களைக் காக்கும். இதில் எனக்கு ஐயமில்லை.

சிக்கல் வேறொரு இடத்தில் இருக்கிறது. தகவல் கைமாறும்போது, அதைத் திரட்டியவரின் ஐயம் கூடவே போவதில்லை.

1999 மே 7 இரவு பெல்கிரேடில் நடந்தது இதற்குச் சாட்சி. யூகோஸ்லாவியாவின் ராணுவக் கொள்முதல் அலுவலகத்தைக் குறிவைத்தது அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. அதன் கையில் இருந்தது ஒரு தெரு முகவரி மட்டும். பக்கத்துத் தெருக்களின் கதவு எண்களை ஒப்பிட்டு, ‘இந்த எண் ஏறக்குறைய இங்கே வரும்’ என்று வரைபடத்தில் ஒரு கட்டடத்தைக் குறித்தார்கள். சீனத் தூதரகம் இடம் மாறி வந்திருந்தது அந்த வரைபடங்களில் இல்லை. ஒரு அதிகாரிக்குச் சந்தேகம் தட்டியது, சொல்லியும் பார்த்தார். அந்தச் சந்தேகம் தாக்குதலைத் தடுக்க வேண்டியவர்களிடம் போய்ச் சேரவில்லை. புள்ளி மட்டும் போய்ச் சேர்ந்தது. குண்டு விழுந்தது தூதரகத்தின் மேல். மூன்று சீனச் செய்தியாளர்கள் இறந்தார்கள். கதவு எண்ணை வைத்துப் போட்ட ஊகம், விமானியிடம் போகும்போது துல்லியமான இலக்காகிவிட்டது.

அங்கே பாதிக்கப்பட்டது ஒரு வல்லரசு. அதனால் அமெரிக்கா இழப்பீடு கொடுத்தது, சி.ஐ.ஏ. ஓர் அதிகாரியை வேலையைவிட்டு நீக்கியது. பாதிக்கப்பட்டவர் சாமானியர் என்றால் என்ன ஆகும்? 2011 மார்ச்சில் பாகிஸ்தானின் தத்தா கேலில் ஊர்ப்பஞ்சாயத்து கூடியிருந்தபோது அமெரிக்க டிரோன் தாக்கியது. அதில் தந்தையை இழந்த மகன், பிரிட்டன் உளவு அமைப்பு இத்தகைய தாக்குதல்களுக்கு இருப்பிடத் தகவல் தருவது சட்டப்படி சரியா என்று கேட்டு லண்டன் நீதிமன்றத்துக்குப் போனார். அதற்குள் நுழைந்தால் அமெரிக்காவின் செயலுக்கே தீர்ப்புச் சொல்வதாகிவிடும் என்று 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது.

சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. ஐ.நா.வின் பன்னாட்டுச் சட்ட ஆணையம் 2001-இல் வகுத்த விதிகளில் 16-ஆவது, இன்னொரு நாட்டின் சட்டமீறலுக்குத் தெரிந்தே உதவும் நாடும் பொறுப்பு என்கிறது. சர்வதேச நீதிமன்றம் 2007-இல் அதை வழக்காற்றுச் சட்டமாகவே ஏற்றது. விதி நல்ல விதிதான். அதன் ஓட்டை ‘தெரிந்தே’ என்ற சொல்லில் இருக்கிறது. தந்தவர் ‘அதை வைத்து என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது’ என்பார். பெற்றவர் ‘தகவல் தவறென்று எனக்குத் தெரியாது’ என்பார். இரண்டு அறியாமைகளுக்கு நடுவே பொறுப்பு காணாமல் போகிறது. தந்த நாட்டின் அனுமதியின்றித் தகவலை வெளியிடக் கூடாது என்ற உளவுத்துறை மரபு அந்த அறியாமைக்குப் பூட்டும் போடுகிறது. தோட்டாவை ஏற்றுமதி செய்யும் முன் அது எதற்குப் பயன்படும் என்று எடைபோட 2014-இல் நடைமுறைக்கு வந்த ஆயுத வர்த்தக உடன்படிக்கை கட்டாயப்படுத்துகிறது. அந்தத் தோட்டாவுக்கு வழிகாட்டும் தகவலுக்கு அப்படி ஓர் உடன்படிக்கை இல்லை.

கணக்குக் கேட்டால் உளவாளிகளின் உயிருக்கு ஆபத்து, கூட்டாளிகள் தகவல் தரவே தயங்குவார்கள் என்பது எதிர்வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் மறைக்கவேண்டியது தகவல் வந்த வழியை. அதனால் நேர்ந்த சாவை அல்ல. ஹவிஜா தாக்குதலை விசாரிக்க நெதர்லாந்து நியமித்த ஆணையம் 2025 ஜனவரியில் தந்த அறிக்கை இதைக் காட்டியது. கூட்டாளியின் தகவலைப் பெரிதும் சார்ந்திருந்தது, பொதுமக்கள் சாகக்கூடும் என்பதைப் போதிய அளவு எடைபோடாதது ஆகிய இரண்டையும் ஆணையம் வெளிப்படையாகவே எழுதியது. எந்த உளவாளியும் அதனால் அம்பலமானதாகத் தெரியவில்லை.

ஆகவே மூன்றைக் கேட்கலாம். இலக்குத் தகவலைத் தரும் நாடு, அது எவ்வளவு உறுதியானது, யார் ஐயப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே எழுத்தில் தரவேண்டும். பெறும் நாடு, கேள்வி கேட்க முடியாத தகவலை வைத்துக் குண்டு வீசக் கூடாது. பொதுமக்கள் இறந்தால் இரு நாட்டுக் கண்காணிப்பு அமைப்புகளும் ஒரே கோப்பைத் திறந்து பார்க்க உரிமை வேண்டும்.

நெதர்லாந்து ஹவிஜாவின் மறுசீரமைப்புத் திட்டங்களுக்கு நிதி தந்தது. அது நல்ல காரியம். ஆனால் ஊருக்குத் தந்த நிதி, பிள்ளையை இழந்த தாயின் கேள்விக்குப் பதிலாகாது. ‘அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்களா’ என்று அன்றிரவுக்கு முன் யார் யாரிடம் கேட்டார்கள், என்ன பதில் வந்தது என்று அவளுக்குச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்ல இரண்டு நாடுகள் கடமைப்பட்டிருக்கின்றன.