மூச்சுக்குழாய் வெறும் குழாய்தானா?

பாவ்லோ மக்கியரினி என்ற அறுவை மருத்துவரைப் பற்றி நெட்ஃபிளிக்ஸில் 2023 நவம்பரில் 'பேட் சர்ஜன்' என்று ஒரு ஆவணத் தொடர் வந்தது. மூன்றே பாகம். போன மாதம்தான் பார்த்து முடித்தேன். ஏற்கெனவே பார்த்த நண்பர்களிடம் பேசினால் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள்: "போப் வந்து கல்யாணம் பண்ணி வைப்பார்னு ஒரு டிவி தயாரிப்பாளரையே நம்ப வெச்சிருக்கான், என்ன ஆளு பாருங்க!"

தொடரின் பலவீனமும் அதுதான் என்று நினைக்கிறேன். எதிர்த்துப் புகார் கொடுத்த டாக்டர்கள் பேசும் இடங்கள் அருமை. ஆனால் மொத்தத்தையும் ஒரு மோசக்காரனின் கதையாகச் சொல்லிவிட்டால், அவன் மாட்டியதும் கதை முடிந்துவிடுகிறது. எனக்குள்ள கேள்வி வேறு. நூறு சதவீதம் நேர்மையான ஒரு டாக்டர் அதே பிளாஸ்டிக் குழாயை வைத்திருந்தால் அது வேலை செய்திருக்குமா?

செய்திருக்காது என்பதே என் பதில்.

2011 ஜூனில் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா பல்கலைக்கழக மருத்துவமனையில் அந்த முதல் அறுவை நடந்தது. நோயாளியின் ஸ்கேனைப் பார்த்து, அவருடைய மூச்சுக்குழாயின் அளவிலேயே பாலியூரித்தேன் வகைப் பாலிமரில் ஒரு குழாயை லண்டனில் செய்தார்கள். அவருடைய எலும்பு மஜ்ஜையிலிருந்து பிரித்த செல்களை அதன்மேல் விட்டு 36 மணி நேரம் ஊறவைத்துப் பொருத்தினார்கள். 'ஸ்டெம் செல் உறுப்பு' என்று உலகமே கொண்டாடியது. உண்மையில் அப்படிப் பிரித்த செல்களில் ஸ்டெம் செல்கள் மிகச் சொற்பம்.

பெரிய சிக்கல் ரத்தம். திசுவில் ஒரு செல் உயிரோடு இருக்க வேண்டுமானால் 100, 200 மைக்ரோமீட்டருக்குள் ஒரு ரத்த நுண்குழாய் இருந்தாக வேண்டும். சிறுநீரகம் என்றால் பெரிய தமனி ஒன்றைத் தைத்து ரத்தம் கொடுத்துவிடலாம். மூச்சுக்குழாய்க்கு அப்படி ஒரு தமனி இல்லை, நாலா பக்கமிருந்தும் பொடிப்பொடி நாளங்கள்தான். பிளாஸ்டிக்கில் ஒட்டிய செல்களுக்கு யார் சோறு போடுவது?

அடுத்தது உள்பூச்சு. சளியை இடைவிடாமல் மேலே தள்ளும் நுண்மயிர்கள் அங்கே இருக்கின்றன. அவை இல்லாவிட்டால் சளி தேங்கும். போதாக்குறைக்கு ஒவ்வொரு மூச்சிலும் வெளிக்காற்றும் கிருமியும் வருகிற இடம் அது. அங்கே உடம்போடு ஒட்டாத ஓர் அந்நியப் பொருள் கிடந்தால் அது ஆறாத புண்தான்.

பாலிமரைக் குறை சொல்லவில்லை. 1950களிலிருந்து பாலியெஸ்டர் துணியில் செய்த ரத்தக்குழாய்கள் லட்சக்கணக்கானவர்களைக் காப்பாற்றியிருக்கின்றன. அங்கே வெளிக்காற்று படாது, ரத்தம் கசியாமல் ஓடினால் போதும். 2012இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், மூச்சுப்பாதை அமுங்கிப்போன ஒரு குழந்தைக்கு முப்பரிமாண அச்சில் செய்த பாலிகாப்ரோலாக்டோன் வளையத்தை வெளிப்பக்கமாக மாட்டினார்கள். உள்ளே இருப்பது குழந்தையின் சொந்தத் திசு, சொந்த ரத்த ஓட்டம். பந்தலுக்கு முட்டுக் கொடுப்பது போலத்தான். குழாய் தேறிய பிறகு, சுமார் மூன்று ஆண்டில், வளையம் தானாகக் கரைந்துவிடும்.

பெல்ஜியத்தில் பியர் டெலேர், மக்கியரினியைத் தொடர்ந்து எதிர்த்தவர். தானமாகக் கிடைத்த மூச்சுக்குழாயை முதலில் நோயாளியின் முன்கைக்குள் வைத்து, ரத்தநாளங்கள் வளரும்வரை மாதக்கணக்கில் காத்திருந்து, அப்புறம்தான் கழுத்துக்கு மாற்றினார். 36 மணி நேரம் எங்கே, இது எங்கே!

ஸ்டாக்ஹோமில் பிளாஸ்டிக் குழாய் பெற்ற மூவருமே இறந்தார்கள். முதல் நோயாளி போனது 2014 ஜனவரியில். 'லான்செட்' இதழில் வந்த கட்டுரையோ அவரை 5 மாதம் மட்டும் கவனித்து 'நலம்' என்றது. 2018இல்தான் அதைத் திரும்பப் பெற்றார்கள். 2023 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மக்கியரினிக்கு இரண்டரை ஆண்டு சிறை விதித்தது. மனிதருக்கு வைக்கும் முன் விலங்குகளில் முறையான சோதனை நடக்கவில்லை. டெஸ்டே பண்ணாமல் நேராக புரொடக்‌ஷனுக்குத் தள்ளுவது என்று எங்கள் தொழிலில் சொல்வோமே, அதுதான். எங்களுக்குப் போனால் ஒரு சர்வர் போகும்.

இதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. 2011இல் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, "இனி உறுப்பு தானமே தேவைப்படாது" என்று கல்லூரி நண்பர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியவன் நான். 'மூச்சுக்குழாய்' என்ற பெயரிலேயே குழாய் இருப்பதால், குழாயைச் செய்துவிட்டால் உறுப்பு வந்துவிடும் என்று நம்பினேன். மக்கியரினி என்னிடம் பொய் சொல்லவே தேவைப்படவில்லை. ரத்தம் எங்கிருந்து வரும், எத்தனை மாதம் கவனித்தார்கள் என்று இரண்டே கேள்வி கேட்டிருந்தால் போதும். அதற்கு உயிரியல் பட்டம் வேண்டியதில்லை. ஆனால் நான் கேட்கவில்லை. தொடரும் பார்ப்பவர்களைக் கேட்க வைக்கவில்லை.