லயத்து அடுப்பும் மெல்பேர்ன் பட்டியலும்

கோதுமையை விடு, பாலை விடு, பருப்பை விடு, வெங்காயத்தையும் பூண்டையும் விடு. வயிறு ஊதி வலியெடுப்பவர்களுக்கு இன்று கிடைக்கும் உணவு அறிவுரையைச் சுருக்கினால் இவ்வளவுதான். கொழும்பில் வேலை பார்க்கும் மகள் தன் வைத்தியர் கொடுத்த தாளை மலையகத் தேயிலைத் தோட்டத்துக்கு, வலப்பனைக்கோ இராகலைக்கோ கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தாளின்படி நடந்தால் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) அடுப்பில் ரொட்டி இல்லை, பால்மா போட்ட தேத்தண்ணி இல்லை, பருப்புக் கறி இல்லை, சம்பல் இல்லை. மிஞ்சுவது சோறும் உருளைக்கிழங்கும். இந்த அறிவுரை எவ்வளவு உண்மை, அந்த உண்மையில் எவ்வளவு தோட்டத்துக்குப் பொருந்தும் என்ற இரண்டையும் தனித்தனியே நிறுக்க வேண்டும். மருத்துவர்கள் பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள்.

முதலில் நோயின் எல்லை. வைத்தியர்கள் ஐ.பி.எஸ். என்று சொல்லும் குடல் கோளாறுக்கு இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. அறிகுறிகளை வைத்தே அதை முடிவு செய்கிறார்கள். 2016இல் வந்த ரோம் அளவுகோலின்படி, கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்றுவலி இருந்திருக்க வேண்டும். அந்த வலி மலம் கழிப்பதோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும், மலம் போகும் தடவைகள் மாறும்போது வர வேண்டும், அல்லது மலத்தின் தன்மை மாறும்போது வர வேண்டும்; இந்த மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். வெறும் வயிறு ஊதல் மட்டும் ஐ.பி.எஸ். ஆகாது. நெஞ்செரிச்சலும் ஆகாது. தோட்டத்தில் எல்லாவற்றையும் ‘கேஸ்டிக்’ என்ற ஒரே பெயரில் அடக்கி ஒரே மாத்திரையை விழுங்குவதால், உணவை மாற்றினால் யாருக்குப் பயன், யாருக்கு இல்லை என்பது தொடக்கத்திலேயே குழம்பிவிடுகிறது.

தடைப் பட்டியலின் ஊற்று மெல்பேர்னில் உள்ள மொனாஷ் பல்கலைக்கழகம். பீட்டர் கிப்சனும் சூ ஷெப்பர்டும் 2005இல் முன்வைத்த கருத்து இது: சில மாச்சத்துகள் சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. அவை குடலுக்குள் நீரை இழுக்கின்றன. பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள நுண்ணுயிர்கள் அவற்றை நொதிக்கவைத்து வாயுவை உண்டாக்குகின்றன. கோதுமை, வெங்காயம், பூண்டு ஆகியவற்றில் உள்ள ஃபிரக்டான், பாலில் உள்ள லக்டோஸ், பருப்பு வகைகளில் உள்ள கலக்டோ-ஒலிகோசக்கரைடு, சில பழங்களில் மிகுந்திருக்கும் ஃபிரக்டோஸ், இன்னும் சில சர்க்கரை ஆல்கஹால்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஃபொட்மேப் என்று பெயர் வைத்தார்கள்.

சான்று இருக்கிறதா? இருக்கிறது. 2014இல் அதே குழுவினர் 30 நோயாளிகளுக்கு ஒவ்வொரு உணவுமுறையிலும் 21 நாள் ஏறத்தாழ எல்லா உணவையும் தாங்களே கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான ஆஸ்திரேலிய உணவின்போது நூறுக்கு ஏறத்தாழ 45 ஆக இருந்த அறிகுறி அளவு, ஃபொட்மேப் குறைந்த உணவின்போது 23 ஆக இறங்கியது. பாதியாகக் குறைந்தது சின்ன விஷயமல்ல. 2024இல் சுவீடனின் கோத்தன்பர்கில் 294 பேரை மூன்று குழுவாகப் பிரித்து நான்கு வாரம் பார்த்தபோது, ஃபொட்மேப் குறைப்போடு மரபான உணவு அறிவுரையும் பெற்றவர்களில் 76 விழுக்காட்டினருக்கு நல்ல முன்னேற்றம் தெரிந்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களில் அது 58 விழுக்காடு. உணவுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பே இல்லை என்று இனி எவரும் சொல்ல முடியாது.

ஆனால் இந்த ஆய்வுகளுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. மாத்திரையில் போலி மாத்திரை செய்யலாம். தட்டில் போலிச் சாப்பாடு செய்வது அரிது. தான் சிறப்பு உணவு உண்பதை அறிந்த நோயாளிக்கு அந்த நம்பிக்கையே ஓரளவு நிவாரணம் தரும். இந்தக் குறையைக் களைய 2022இல் சுவீடனில் 110 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு வாரம் ஃபொட்மேப், ஒரு வாரம் குளூட்டன், ஒரு வாரம் இரண்டும் இல்லாத பொருள்; எது எந்த வாரம் என்று யாருக்கும் தெரியாது. ஐந்நூறு புள்ளி அளவுகோலில் ஃபொட்மேப் வாரத்தின் சராசரி 240, குளூட்டன் 208, வெறும் பொருள் 198. அதாவது குளூட்டன் ஏறக்குறைய விடுவிக்கப்பட்டது. ஃபொட்மேப் குற்றமுள்ளதுதான், ஆனால் பெயரெடுத்த அளவுக்குப் பெரிய குற்றவாளி அல்ல.

இன்னும் கூர்மையான முடிவு நொட்டிங்ஹாமிலிருந்து வந்தது. 2017இல் அங்கே எம்.ஆர்.ஐ. கொண்டு பார்த்தபோது, ஒரே மாச்சத்தை உண்ட நோயாளிக்கும் நலமான மனிதருக்கும் பெருங்குடலில் உண்டான வாயு ஒரே மாதிரியாகத்தான் இருந்தது. நோயாளிக்கு மட்டும் வலித்தது. அவருடைய குடல் நரம்பு சிறு விரிவையும் வலியாக உணர்கிறது. உணவு தூண்டுகோல், நோயின் வேர் வேறிடத்தில். அதனால்தான் ஒரே அடுப்பில் சுட்ட ரொட்டியைத் தின்ற அக்காவுக்கு வயிறு கல்லாகிறது, தங்கைக்கு ஒன்றுமில்லை.

இனி தோட்டத்துக்கு வருவோம். மலையகத் தோட்டங்களில் கோதுமை மா பக்கத் துணை அல்ல, முதன்மை உணவுகளில் ஒன்று. அரசும் அப்படியே கணக்கிட்டது: 2022 ஜனவரியில் அன்றைய நிதியமைச்சர் பசில் ராஜபக்ஷ அறிவித்த நிவாரணப் பொதியில் தோட்டக் குடும்பத்துக்கு மாதம் 15 கிலோ கோதுமை மா, கிலோ 80 ரூபாய்க்கு என்று இருந்தது. ஐந்து பேர் குடும்பத்துக்கு அதைப் பகிர்ந்தால் தலைக்கு நாளொன்றுக்கு 100 கிராம். வெள்ளைக் கோதுமை மாவில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ ஒன்றரை கிராம் ஃபிரக்டான் இருக்கும். மொனாஷ் குழு தானிய உணவுக்கு ஒரு வேளையில் பாதுகாப்பானது என்று வைத்த எல்லை 0.3 கிராம். ஐம்பது கிராம் மாவில் சுட்ட ஒரு ரொட்டியே அந்த எல்லையை இரு மடங்குக்கு மேல் தாண்டுகிறது, தொட்டுக்கொள்ளும் வெங்காயச் சம்பலைக் கணக்கில் சேர்க்காமலே.

ரொட்டியின் செய்முறையும் இங்கே முக்கியம். பாண் மாவை நான்கு மணி நேரத்துக்கு மேல் புளிக்கவிட்டால் நுண்ணுயிர்களே ஃபிரக்டானில் பெரும்பகுதியைத் தின்றுவிடும் என்று ஜெர்மனியின் ஹோஹென்ஹைம் பல்கலைக்கழக ஆய்வு 2016இல் காட்டியது. நம் ரொட்டிக்கு அந்த அவகாசம் கிடையாது. விடியற்காலை இருட்டில் மாவைப் பிசைந்து, தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்து, உடனே தட்டி, உடனே கல்லில் போட்டு, பிரட்டுக்கு (காலையில் ஆளெடுக்கும் இடத்துக்கு) ஓட வேண்டும். மாவில் இருந்தது எல்லாம் அப்படியே வயிற்றுக்குள் போகிறது.

சோற்றின் நிலை நேர்மாறு. 1987இல் அமெரிக்காவில் மைக்கேல் லெவிட் குழுவினர் வெவ்வேறு மாச்சத்து உணவுகளைக் கொடுத்து மூச்சில் வரும் ஹைட்ரஜனை அளந்தார்கள். குடலில் நொதித்தல் நடந்தால் அந்த வாயு மூச்சில் ஏறும். கோதுமை, உருளைக்கிழங்கு, சோளம் ஆகியவற்றுக்கு ஏறியது, அரிசிக்கு ஏறவில்லை. வலப்பனையின் பள்ளத்துக் கிராமங்களில் படி வயல்களில் நெல் விளைகிறது. அதற்கு மேலே தேயிலை மலையின் லயங்களில் கப்பலில் வந்த கோதுமை வேகிறது. வயிற்றுநோய்க் கட்டுரையில் பொருளாதாரம் எதற்கு என்று கேட்பவர்கள் இந்த இரண்டு காட்சியையும் ஒருசேர நினைத்துப் பார்க்கட்டும்.

கோதுமையைப் பற்றி இன்னொன்று. செலியாக் நோய் ஐ.பி.எஸ். போலவே வேடம் போடும். இந்தியாவில் 23,000க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்து 2016இல் வெளிவந்த ஆய்வில், அந்த நோய் வடக்கில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 8.5 பேருக்கும் தெற்கில் பத்தாயிரத்துக்கு ஏறத்தாழ ஒருவருக்கும் இருந்தது. வடக்கில் நாளாந்தக் கோதுமை 455 கிராம், தெற்கில் 25 கிராம். மலையகத் தமிழர் தென்னிந்திய வம்சாவளியினர். உண்பதோ தெற்கின் அளவைவிடப் பன்மடங்கு கோதுமை. இதிலிருந்து பெரிய முடிவு எதற்கும் நான் தாவவில்லை. கோதுமையை நிறுத்திய பிறகு செலியாக் இரத்தப் பரிசோதனை பொய்யாக நலம் காட்டிவிடும். ஆகவே பரிசோதனை முதலில், நிறுத்துவது பிறகு. இந்த வரிசையை மாற்றவே கூடாது.

பாலைப் பற்றிய தடை மற்றவற்றைவிட வலுவானது. பேராதனையில் மருத்துவப் பேராசிரியராக இருந்த பிரயன் செனவிரத்னவின் குழு 1977இல் வெளியிட்ட ஆய்விலேயே, பரிசோதித்த இலங்கையரில் பெரும்பான்மையோருக்கு லக்டோஸைச் செரிக்கும் நொதி குறைவு என்று தெரிந்தது. இருந்தாலும் தேத்தண்ணியில் கலக்கும் ஒரு கரண்டி பால்மாவில் உள்ள லக்டோஸ் கொஞ்சம்தான்; அதைப் பலரும் தாங்குவார்கள். தம்ளர் நிறையப் பால் வேறு கதை. பாலில்லாத சாயத்தண்ணி குடிப்பவரிடம் பாலை நிறுத்தச் சொல்வதில் பொருளே இல்லை.

பருப்பை நிறுத்துவதை நான் ஏற்கவில்லை. தோட்டத்து வீட்டில் புரதத்துக்கு அதுவே பெரிய வழி. ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, வேறு நீரில் வேகவைத்தால் வாயு தரும் சர்க்கரையில் ஒரு பகுதி நீரோடு போய்விடும். பூண்டுக்கும் வழி உண்டு: ஃபிரக்டான் எண்ணெயில் கரையாது. பூண்டை எண்ணெயில் வதக்கி மணம் இறங்கியதும் எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் ருசி தங்கும், தொல்லை போகும். நுவரெலியா மலையின் லீக்ஸில்கூட வெள்ளைத் தண்டில்தான் ஃபிரக்டான் மிகுதி. பச்சைத் தாளில் குறைவு. தாளில் அச்சடித்த ‘விடு’ என்ற சொல்லுக்குப் பதிலாகச் சமையல் அறிந்த ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து இவற்றைச் சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் வீணாகப் பட்டினி கிடந்திருக்க மாட்டார்கள். மலச்சிக்கலுக்குத் தவிட்டு மாவுக்கு மாறச் சொல்லும் அறிவுரையும் தவறு. 2009இல் நெதர்லாந்தில் 275 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் இசப்கோல் உமி உதவியது. கோதுமைத் தவிடு உதவவில்லை, சிலருக்குத் தொல்லையைக் கூட்டியது.

இதுவரை சொன்னதெல்லாம் தட்டைப் பற்றியது. என்னை மிகவும் உறுத்தும் சான்று தட்டுக்கு வெளியே இருக்கிறது. 2015இல் சுவீடனில் 75 பேரிடம் நடந்த ஆய்வில் ஃபொட்மேப் குறைத்தவர்களில் 50 விழுக்காட்டினரும், மரபான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 46 விழுக்காட்டினரும் நலமடைந்தார்கள். வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். அந்த மரபான அறிவுரை என்ன? நேரத்துக்குச் சாப்பிடு, வேளை தவறாதே, அவசரமில்லாமல் மென்று தின், கோப்பியும் தேநீரும் அளவோடு குடி, கொழுப்பும் காரமும் குறை. இதில் எதைக் கொழுந்து பறிக்கும் பெண் கடைப்பிடிக்க முடியும்? பிரட்டுக்கு முன் அரை ரொட்டி, கொழுந்து நிறுக்கும் நேரத்துக்கு ஏற்பப் பகல் சாப்பாடு, பசியை அடக்கச் சாயத்தண்ணி.

கொழுந்து மலையில் பெரும்பாலும் கழிப்பறையும் இல்லை. காலையில் வரும் உந்துதலை மாலை வரை அடக்கிக்கொள்கிறார்கள். 1990இல் நலமான ஆண்கள் சிலரை வேண்டுமென்றே மலத்தை அடக்கச் சொல்லிப் பார்த்தபோது, பெருங்குடலில் உணவுக் கழிவின் நகர்வு மந்தமானது. நகராமல் தேங்கும் கழிவு மேலும் நொதிக்கும். ரொட்டியைக் குற்றம் சொல்லும் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பது பெரும் குறை.

வேறு நோய்களைத் தவறவிடும் அபாயம் இங்கே அதிகம். 2011இல் வெளிவந்த ஆய்வின்படி, பத்தாண்டு பூச்சி மருந்து கொடுத்த பிறகும் தோட்டப்புறப் பள்ளிப் பிள்ளைகளில் 29 விழுக்காட்டினருக்குக் குடற்புழு இருந்தது. இரத்தச்சோகை இன்னும் சிக்கலானது. வயிற்றுக் கோளாறோடு இரத்தச்சோகை இருந்தால் அதை ஐ.பி.எஸ். என்று விட்டுவிடாமல் தேடிப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டிகளில் உள்ள விதி. தோட்டப் பெண்களில் சோகை பரவலாக இருப்பதால் அது எச்சரிக்கையாகவே தெரிவதில்லை. செனவிரத்னவும் சேர்ந்த குழு 1979இல் கொழுந்து பறிப்பவர்களுக்கு இரும்புச்சத்து கொடுத்து, பறிக்கும் கொழுந்தின் அளவு கூடியதைப் பதிவு செய்தது. சோகை இவர்களுடைய இயல்பு அல்ல, தீர்க்கக்கூடிய குறை என்பது அன்றே தெரிந்த செய்தி.

ஆக, என் தீர்ப்பு இது. உணவு ஐ.பி.எஸ். அறிகுறிகளைத் தூண்டும் என்ற கூற்று நிலைபெற்றது. அதன் வலிமை மிதமானது. குளூட்டனைப் பொதுவாகக் குற்றம் சாட்டுவதற்கு ஆதாரம் போதாது. முழுத் தடைப் பட்டியலைத் தோட்டத் தொழிலாளியிடம் கொடுப்பது தவறு. ஏற்கெனவே குறைவாக உண்பவரிடம் இன்னும் குறைக்கச் சொல்வதாகும் அது. அதற்குப் பதிலாக, புழு, சோகை, செலியாக் மூன்றையும் பார்த்த பின், ஒரே ஒரு மாற்றத்தை நான்கு வாரம் செய்து பார்க்கலாம்: ரொட்டிக்குப் பதில் சோறு, இடியப்பம் அல்லது அரிசிமாப் பிட்டு, பச்சை வெங்காயம் இல்லாத சம்பல். குணம் தெரிந்தால், ஐந்தாம் வாரம் ஒரு ரொட்டி, பிறகு இரண்டு என்று எந்த அளவில் வயிறு தாங்குகிறது என்று கண்டுகொள்ள வேண்டும். குணம் தெரியாவிட்டால் ரொட்டியை நிம்மதியாகத் திரும்பத் தின்னலாம். மாவின் விலையில் அரிசி கிடைக்கும் மானியமும் கொழுந்து மலையில் கதவுள்ள கழிப்பறையும் கேட்பது தொழிற்சங்கத்தின் வேலை மட்டும் என்று வைத்தியர்கள் ஒதுங்க முடியாது. மாதம் 15 கிலோ கோதுமை மாவுக்குக் கணக்குப் போடத் தெரிந்த அரசுக்கு, அதில் பாதியை அரிசியாகக் கொடுக்கவும் கணக்குப் போடத் தெரியும்.