சாட்சி கெட்டால் யாருக்கு நட்டம்?

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் வளரும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் எச்சரிக்கை ஒன்று உண்டு: "அப்படிச் செய்யாதே, சாட்சி கெட்டுப்போகும்." பிரசங்கத்தைவிட நடத்தைதான் ஊர்க்காரர்களிடம் பேசும் என்ற நம்பிக்கை அதற்கு அடிப்படை. இந்த நம்பிக்கையால் திருச்சபைக்கு நன்மையும் விளைந்திருக்கிறது, கேடும் விளைந்திருக்கிறது.

நன்மைக்குச் சுவார்ட்ஸ் ஐயரின் வாழ்க்கையே நல்ல உதாரணம். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து 1798இல் தஞ்சாவூரில் மறைந்த ஜெர்மானிய மிஷனரி அவர். ஹைதர் அலி படையெடுத்த காலத்தில் தஞ்சைக் கோட்டைக்குள் கடும் பஞ்சம். சுற்றுக் கிராமங்களில் நெல் இருந்தது; கொண்டுவந்து சேர்க்கத்தான் மாடு கிடைக்கவில்லை. முன்பு கூலி கிடைக்காமல் ஏமாந்த குடியானவர்கள் மன்னரையும் நம்பவில்லை, கிழக்கிந்தியக் கம்பெனியையும் நம்பவில்லை. கூலிக்குத் தானே பொறுப்பு என்று சுவார்ட்ஸ் வாக்குக் கொடுத்ததும் ஓரிரு நாளில் சுமார் 1,000 மாடுகள் சேர்ந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. சொன்னபடியே கூலியையும் தீர்த்தார். மாடு ஓட்டி வந்தவர்களுக்கு அவருடைய வேத விளக்கம் தேவைப்படவில்லை. வாக்குத் தவறமாட்டார் என்பதே போதுமாக இருந்தது.

அவர் மறைந்த பிறகு, இங்கிலாந்துச் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்கு நினைவுச் சின்னத்தைச் சரபோஜி மன்னர் தஞ்சைத் தேவாலயத்தில் நிறுவினார். மன்னர் கடைசிவரை இந்துவாகவே இருந்தார். நல்ல நடத்தைக்கு மதிப்பு தானாகச் சேரும் என்பதற்கும், எத்தனை பேர் மதம் மாறினார்கள் என்று எண்ணி அந்த மதிப்பை அளக்க முடியாது என்பதற்கும் அந்தச் சின்னம் சான்று.

ஆனால் அதே காலத்துத் தேவாலயங்களில் சாதிவாரியாகப் பிரிந்து உட்காரும் வழக்கமும் இருந்தது. சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று பிஷப் டேனியல் வில்சன் 1833இல் ஆணையிட்டபோது, தஞ்சையில் வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையையே விட்டு விலகினார்கள். அவர்களில் யோக்கியர்களும் இருந்திருப்பார்கள். சாட்சி கெடும் காரியங்களின் பட்டியலில் சாதியை மட்டும் அவர்கள் சேர்க்கவில்லை.

சாட்சி பற்றிய நம்பிக்கையின் முதல் குறை இந்தப் பட்டியல்தான். குடி, சினிமா, சிகரெட், சில சபைகளில் நகையும்கூட அதில் உண்டு. இவையெல்லாம் தனிமனிதர் விலக்கக்கூடியவை, கண்ணுக்கும் தெரிபவை. ஆனால் மணமகள் தேவை விளம்பரத்தில் 'இரட்சிக்கப்பட்ட' என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரும் வருகிறது. நகை வேண்டாம் என்பவர், அதற்கு ஈடான தொகையை ரொக்கமாக எதிர்பார்ப்பதும் உண்டு. 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கத்தோலிக்கர்களுக்கும் வன்னியக் கத்தோலிக்கர்களுக்கும் இடையே மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். சமத்துவம் பற்றி ஆயிரம் முறை பிரசங்கித்தாலும் பக்கத்து ஊர்க்காரர் நினைவில் நிற்பது அதுதான்.

இரண்டாவது குறை இதைவிட ஆபத்தானது. சாட்சி கெடக்கூடாது என்ற அச்சம், தவறு செய்யாமல் தடுக்க வேண்டியது. பல இடங்களில் தவறை மூடிவைக்கத்தான் பயன்படுகிறது. சபை நிதியில் கை வைத்தவரைப் பற்றியோ, பெண்ணிடம் முறைகேடாக நடந்த ஊழியரைப் பற்றியோ வாய் திறப்பவருக்கு, "வெளியே தெரிந்தால் புறஜாதியார் என்ன நினைப்பார்கள்?" என்ற கேள்விதான் முதல் பதிலாகக் கிடைக்கிறது. பாதிக்கப்பட்டவர் வாயை மூடிக்கொள்வதே விசுவாசத்துக்கு அடையாளமாகிவிடுகிறது. பின்னால் விஷயம் வெளிவரும்போது, செய்த தவறைவிட மறைத்த தவறுதான் சபையை அதிகமாகத் தலைகுனிய வைக்கிறது.

வெளியிலிருந்து எடைபோடுபவர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. ராஜ்கோட்டில் மிஷனரிகள் தெருமுனையில் நின்று இந்து தெய்வங்களை இகழ்ந்ததைக் கேட்டு, இளவயதிலேயே கிறிஸ்தவத்தின்மேல் வெறுப்பு உண்டானதாகக் காந்தி தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பிரிட்டோரியாவில் ஒரு கிறிஸ்தவர், பாவத்தைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம் என்று வாதாடியதையும் பதிவு செய்கிறார். ஆனாலும் அந்த ஒருவரை வைத்து அவர் கிறிஸ்தவத்தை ஒதுக்கிவிடவில்லை. எல்லாக் கிறிஸ்தவர்களும் அப்படி நம்புவதில்லை என்று, கடவுளுக்கு அஞ்சி நடந்த தன் நண்பர் கோட்ஸைக் காட்டுகிறார். ஒருவர் நடத்தையை வைத்து ஒரு சமயத்துக்கே தீர்ப்பு எழுதுவது எளிது. சிறுபான்மையினர் விஷயத்தில் அது இன்னும் எளிதாக நடக்கிறது. பெரும்பான்மைச் சமயத்தவர் ஒருவர் மோசடி செய்தால் அந்த ஆளைத்தான் திட்டுவார்கள். கிறிஸ்தவர் செய்தால் வேதமும் சேர்ந்து திட்டு வாங்குகிறது.

இந்த அநியாயத்தைக் காட்டித் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. உலகத்துக்கு வெளிச்சமாக இருப்போம் என்று சொல்லிக்கொண்டவர்கள் கிறிஸ்தவர்களே. மற்றவர்கள் உற்றுப் பார்ப்பது அந்த வாக்கைத்தான். ஆகவே சாட்சியைக் கைவிடத் தேவையில்லை, அதன் அளவுகோலைத்தான் மாற்ற வேண்டும். வேலைக்காரருக்குக் கொடுக்கும் சம்பளம், கல்லறையில் எல்லாருக்கும் ஒரே வரிசை, பள்ளிக்கூடச் சேர்க்கையில் நேர்மை, ஒளிவில்லாத சபைக் கணக்கு ஆகியவையும் அந்தப் பட்டியலில் ஏற வேண்டும். தவறு நடந்தால் சபையே அதை முதலில் ஒப்புக்கொண்டு, பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்கட்டும். அதனால் சபையின் பெயர் கொஞ்சம் கெடலாம், சாட்சி கெடாது.